நாவலை மிஞ்சின படம் ஒன்றாவது உண்டா?

6 ஜூலை, இரவு

"நாவலை மிஞ்சின படம் தமிழில் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்." நெல்லிக்குப்பத்துத் தம்பி கேட்டிருக்கிறார். பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களையும் ஒரே ராத்திரியில் மறுபடி பார்த்த ஆற்றாமை அவருக்கு. கல்கி ஐந்து பாகமாக எழுதியதை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் என்ன மிஞ்சும் என்கிறார்.

உண்டு தம்பி. தில்லானா மோகனாம்பாள். தூக்கம் வருகிறது, காலையில் எழுதுகிறேன்.

7 ஜூலை, காலை

எங்கள் வீட்டில் தில்லானா மோகனாம்பாள் பைண்டாகத்தான் இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். அப்பா வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து, கடைசியில் திருப்பாப்புலியூர் பைண்டிங் கடையில் கொடுத்து மூன்று தொகுதியாகக் கட்டிவிட்டார். கறுப்புக் காலிகோ முதுகு. உள்ளே கோபுலுவின் படங்கள். அவர் போட்ட மோகனாவைப் பார்த்துத்தான் என் அத்தை ஜடை பின்னிக்கொள்வாளாம்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா வாசிப்பார், அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பாள். பின்னாளில் நானும் அதே பைண்டிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நல்ல கதை. ஆள் ஒவ்வொருவரும் பேச்சாலேயே கண்ணுக்குத் தெரிவார்கள். ஆனால் சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தை எடுத்து வாசித்தான், சபை கிறங்கிப்போனது என்று வரும் இடத்தில் எழுத்துக்கு வேறு வழியில்லை. அவன் பெரிய வித்வான் என்பதை நாம் நம்பிக்கொள்ள வேண்டும்.

1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் நம்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாயனம் வருகிறது. சிவாஜி கன்னத்தை உப்பி, தொண்டை நரம்பு புடைக்க, அந்தச் சத்தத்துக்குத் தன் உடம்பைக் கொடுக்கிறார். கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்து வந்தவனை நேரில் விசாரிக்க முடியாமல், ஆடுகிற சாக்கில் மோகனா நலம் கேட்கிறாளே, அந்த இடத்தைப் பாருங்கள். பத்மினி காலில் தாளம் தப்பவில்லை, கண் மட்டும் நிறைகிறது. தவிலோடு உட்கார்ந்திருக்கிற பாலையாவின் முகத்தைப் பார்த்தால் போதும், அங்கே இரண்டு பேருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோயில் திருவிழாவில் வாடகை டெக் வைத்து அந்தப் படத்தைப் போட்ட ராத்திரி, வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "உங்கப்பா படிச்சப்ப எனக்கு நாயனம் கேக்கலடி. இன்னிக்கித்தான் கேட்டுது."

9 ஜூலை

தம்பியின் பதில்: "அக்கா, அது சங்கீதத்தைப் பற்றிய கதை. புத்தகத்துக்கு வாயில்லை. பாட்டை வைத்து ஜெயிப்பது சரியான போட்டி ஆகாது."

நியாயம்தான். பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டே பேசுவோம். இரண்டு நாள் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைத்தாள் திருத்தக் கிடக்கிறது.

12 ஜூலை, சனி

கடலூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சில் கூடுதல் உரிமை உண்டு என்று எனக்கு ஒரு எண்ணம். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அப்பாவுக்கு இங்கே உத்தியோகம். பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும் வைத்த பெயர் விருத்தாசலம். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பத்தில். நடுவில் ஓடுவது கெடிலம், அவ்வளவுதான் தூரம். தமிழ்க் கதையிலிருந்து வந்த நல்ல படங்களை யார் எண்ணினாலும் இந்த இருவரின் பெயரும் வந்துவிடும்.

புதுமைப்பித்தனின் சிற்றன்னையை வைத்து மகேந்திரன் 1979இல் எடுத்தது உதிரிப்பூக்கள். கதையை அப்படியே ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்களே, அப்படித்தான் முதலில் பார்த்தேன். அப்பா ஈஸிசேரில், நான் தரையில். கடைசியில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. விஜயன் கத்தவில்லை, கெஞ்சவில்லை. உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறார். அதுவரை அவன் சாகவேண்டும் என்று காத்திருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்பா எழுந்து வாசலுக்குப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

13 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 'கதையை அப்படியே' என்று எழுதிவிட்டேன். ராத்திரி தொகுப்பை எடுத்து சிற்றன்னையை மறுபடி படித்தேன். மகேந்திரன் எதையும் அப்படியே கொண்டுபோகவில்லை. தாயில்லாத பிள்ளைகள், அவர்களின் அப்பா, அந்த வீட்டுக்குள் புதிதாக வரும் ஒரு பெண் என்ற இந்த விதையை மட்டும்தான் எடுத்திருக்கிறார். ஊர், பள்ளிக்கூடம், அந்த மனிதனின் குரூரம், ஆற்றங்கரை எல்லாம் அவருடையவை.

தலைப்பையே பாருங்கள். புதுமைப்பித்தன் கதைக்கு வந்தவளின் பெயரை வைத்தார். மகேந்திரன் படத்துக்குப் பிள்ளைகளின் பெயரை வைத்தார். எங்கள் பக்கம் பூக்கடையில் கட்டிய சரத்தை முழத்தில் அளந்து கொடுப்பார்கள், உதிரியைக் கையால் அள்ளிப் பொட்டலத்தில் போடுவார்கள். எந்த நாரிலும் சேராத பூ அது. அந்த ஒரு வார்த்தையில் இயக்குநர் தன் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

அப்படியானால் இது மிஞ்சினதா? புதுமைப்பித்தனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சமம் என்று வையுங்கள்.

அப்புறம் முள்ளும் மலரும். உமாசந்திரனின் அந்த நாவல் கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கியது. 1978இல் படமானது, மகேந்திரனின் முதல் படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, படம்தான் மேலே நிற்கிறது. விஞ்ச் ஆபரேட்டர் காளியை அந்த இறுக்கத்தோடு வேறு எங்கும் பார்க்க முடியாது.

16 ஜூலை

ஜெயகாந்தனைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். காரணம் இருக்கிறது. சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலை நான் பதினேழு வயதில், வீட்டுக்குத் தெரியாமல், அட்டைக்கு மேல் செய்தித்தாள் போட்டுப் படித்தேன். அதைப் பற்றிப் பேசினால் என்னைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

முதலில் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதை. மழையில் காரில் ஏறிய பெண் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். விகடனில் வந்தபோது பெரிய சர்ச்சை ஆயிற்று. அப்புறம் ஜெயகாந்தனே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு எழுதியதுதான் நாவல். அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலிலிருந்து அவரே திரைக்கதையும் வசனமும் எழுத, பீம்சிங் 1976இல் படமாக்கினார். தன் கதையை இரண்டு முறை மறுபடி எழுதிப் பார்த்தவர் அவர். மூலத்துக்கு விசுவாசம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எழுதியவரே விசுவாசமாக இருக்கவில்லை.

படத்தில் லட்சுமியின் கங்கா. ஆபீஸ் போகிற கங்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்காரும் விதம் இருக்கிறதே, பன்னிரண்டு வருஷமாக யாரும் தன்னைத் தொட்டுவிடக் கூடாது என்று இருந்த உடம்பு அது. நாவலில் கங்கா பக்கம் பக்கமாகத் தன்னோடு பேசிக்கொள்வாள். படத்தில் அந்தப் பேச்சு இல்லை, முதுகுதான் இருக்கிறது.

இருந்தாலும் எனக்கு நாவல்தான். செய்தித்தாள் அட்டைக்குள் ஒளித்துவைத்துப் படித்த பதினேழு வயசுப் பெண்ணுக்குக் கங்காவின் முகம் தேவைப்படவில்லை. தனக்குள் பேசிக்கொள்கிற இன்னொருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது, அது போதுமாக இருந்தது. எதை எந்த வயசில் எங்கே வைத்துப் பார்த்தோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும் போலிருக்கிறது.

17 ஜூலை

திருத்தம்: படம் வெளியானது 1977. லட்சுமிக்குக் கிடைத்த தேசிய விருது 1976ஆம் ஆண்டுக்கானது, அதனால் குழம்பிவிட்டேன். சுட்டிக்காட்டிய சிதம்பரத்து அண்ணனுக்கு நன்றி.

20 ஜூலை, ஞாயிறு

இன்று புதுச்சேரி. தங்கை மகளுக்குப் புத்தகம் வாங்கப் போன வேலை முடிந்து, நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காரணத்தோடுதான் இங்கே உட்கார்ந்தேன். யான் மார்டெல் எழுதிய லைஃப் ஆஃப் பை நாவலின் முன்னுரையிலேயே இந்த காபி ஹவுஸ் வருகிறது. இங்கே சந்தித்த ஒரு பெரியவர்தான், கடவுளை நம்ப வைக்கிற கதை ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று எழுத்தாளரிடம் சொல்வார். நாவலுக்கு 2002இல் புக்கர் பரிசு.

ஆங் லீ எடுத்த படம் 2012இல் வந்தபோது புதுச்சேரியில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான். தாவரவியல் பூங்கா தெரிகிறதா, நம்ம தெரு தெரிகிறதா என்று தேடுவதிலேயே முதல் அரை மணி நேரம் போய்விட்டது. நடுக்கடல் காட்சிகளுக்காகத் தைவானில் பெரிய தொட்டி கட்டி அலை எழுப்பினார்கள். கடல் ராத்திரியில் ஒளிர்வது, பறக்கும் மீன், புலி, எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் எனக்கு அந்தப் படம் நாவலுக்குச் சமமாக எழுந்து நின்றது, எதுவுமே இல்லாத ஓர் இடத்தில்.

பை கரை சேர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். புலிக்கதையை நம்பாத ஜப்பான் அதிகாரிகளுக்கு இன்னொரு கதை சொல்கிறான், விலங்குகள் இல்லாத கதை. நாவலில் அது டேப்பில் பதிவான விசாரணையாக வரும். அத்தனை தொழில்நுட்பமும் கையில் இருந்த இயக்குநர் அந்தக் கதையிலிருந்து ஒரு காட்சியைக்கூடக் காட்டவில்லை. வெள்ளைப் படுக்கை, ஒரு பையனின் முகம், அவன் பேச்சு. கேமரா மெல்லக் கிட்டே வருகிறது. இரண்டு மணி நேரம் காட்டிக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்திக்கொண்டார். எந்தக் கதை நடந்தது என்று நாமே முடிவு செய்யும்படி ஆகிறது.

மூன்று மதங்களையும் அந்தப் பையன் மாறி மாறிக் கும்பிடும் பகுதி மட்டும் நாவலில்தான் நிறைவு. படம் அதை அவசரமாகத் தாண்டுகிறது. புதுச்சேரியில் ஒரே நடையில் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் கடந்து போகிறவர்களுக்கு அந்த நிதானம் தெரியும்.

காபி ஆறிவிட்டது. இன்னொன்று சொல்லியிருக்கிறேன்.

20 ஜூலை, இரவு

பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. புதுச்சேரி என்றால் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, நம்ம கி.ரா.வை, விடலாமா? கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர், ஆனால் கடைசிவரை இருந்தது புதுச்சேரியில். அவருடைய கிடை குறுநாவலை அம்ஷன் குமார் ஒருத்தி என்று 2003இல் எடுத்தார். பார்த்தவர்கள் குறைவு. கிடை ஆடுகளின் புழுதியும் ஊர்ப் பஞ்சாயத்தும் அதில் இருக்கின்றன. கி.ரா.வின் வாய்மொழி மட்டும் தாளில்தான் இருக்கிறது.

23 ஜூலை

அசுரனையும் விசாரணையையும் விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

விசாரணை: ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு. சந்திரகுமார் தான் பட்டதை லாக்கப் என்று எழுதினார். அது சாட்சி. சாட்சியத்தை யாரும் மிஞ்ச முடியாது, மிஞ்சப் பார்க்கவும் கூடாது. வெற்றிமாறன் முதல் பாதியில் அதற்கு மரியாதை செய்துவிட்டு, இரண்டாம் பாதியில் தானாக ஒரு கதை சேர்த்தார். சேர்த்தது சரியாக ஒட்டியிருக்கிறது.

அசுரன்: தம்பி, இதில் நான் உங்கள் கட்சி. பூமணியின் வெக்கையில், கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் அலைகிற பையனின் கண்ணால்தான் எல்லாம் தெரியும். என்ன தின்பது, எங்கே படுப்பது என்பதிலேயே கதை நகரும். படம் அப்பாவின் கதையாகிவிட்டது. தனுஷுக்கு விருது கிடைத்தது தகும். ஆனால் அந்தப் பையனோடு காட்டில் படுத்துக் கிடந்த எட்டு நாள் படத்தில் இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்கப் போனேன். போன இடத்தில் தங்கர் பச்சான் பேச்சு வந்தது. அவர் பத்திரக்கோட்டைக்காரர், எங்கள் மாவட்டம். அழகி அவருடைய கல்வெட்டு சிறுகதையிலிருந்து வந்தது. ஒன்பது ரூபாய் நோட்டு அவர் எழுதிய நாவல், அவரே 2007இல் இயக்கினார். சத்யராஜ் மாதவப் படையாச்சியாக வந்தார். முதன்முதலாக எங்கள் பேச்சு, எங்கள் செம்மண், எங்கள் பலாமரம் திரையில் வந்தபோது தியேட்டரில் பெரிய சத்தம் எழும் என்று நினைத்தேன். யாரும் மூச்சுவிடவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

எனக்கு அப்போது நாவல்தான் பெரிதாகத் தெரிந்தது. படம் சில இடங்களில் ஓங்கிப் பேசுகிறது என்று அன்றைக்கே தம்பியிடம் (இது என் கூடப்பிறந்த தம்பி) சொன்னேன்.

அப்புறம் 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிகாலையில் தொடங்கிய காற்று நிற்கும்போது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் சித்தப்பா தோப்பில் அவருடைய தாத்தா வைத்த பலா ஒன்று. அதன் வேர்க்குழிக்குள் ஓர் ஆள் நிற்கலாம். சித்தப்பா அதற்குள் இறங்கி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் ஓடு பறந்து, பைண்ட் மூன்றும் நனைந்துவிட்டன. இரண்டைக் காயவைத்து மீட்டோம். மூன்றாவது ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. கோபுலுவின் மோகனா எதிர்ப்பக்கத்து எழுத்துக்குள் போய்விட்டாள்.

ஒரு வருஷம் கழித்து டிவியில் ஒன்பது ரூபாய் நோட்டு போட்டார்கள். சித்தப்பா வீட்டில் எல்லோரும் பார்த்தோம். கதையை யாரும் பார்க்கவில்லை. மரம் வந்தபோதெல்லாம் "தோ, தோ" என்றார் சித்தப்பா. நாவலும் அந்த மரங்களைச் சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. ஆனால் தோப்பை இழந்த மனிதருக்குத் திரும்ப ஒருமுறை இலை அசைவதைக் காட்டியது படம். 2007இல் நான் போட்ட கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.

28 ஜூலை

தம்பி ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அக்கா, அப்படியானால் பொன்னியின் செல்வன்?" ஆடிப் பதினெட்டுக்கு வீராணம் ஏரிக்குப் போகிறோம். போய்விட்டு வந்து சொல்கிறேன்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

கூடப்பிறந்த தம்பியின் காரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் வந்தோம். கல்கி கதையைத் தொடங்கிய இடம், தொடங்கிய நாள். ஆடிப் பதினெட்டில் வந்தியத்தேவன் இந்தக் கரைமேல்தான் குதிரையில் வருகிறான். ஒன்றரைக் காத நீளம் என்று எழுதியிருப்பார். கரையில் நின்றால் இப்போதும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள், காதோலை கருகமணி விடுகிறார்கள். கரைமேல் மோட்டார் சைக்கிளும் சர்பத் வண்டியும்.

நெல்லிக்குப்பத்துத் தம்பிக்கு என் பதில். இந்த ஏரிக்கரையில் ஒரு வாலிபன் வேலை ஏதும் இல்லாதவன் போல நின்று வேடிக்கை பார்க்கிறானே, அந்த நிதானம் நாவலின் உயிர். படத்துக்கு அதற்கு நேரமில்லை. சேந்தன் அமுதனின் கதையைப் படம் மாற்றியதும் எனக்கு வருத்தம்தான். பூக்காரப் பையன் அரியணை ஏறுகிற அதிசயம் போய்விட்டது. இதிலெல்லாம் நீங்கள் சொல்வதே சரி.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் கடைசியாக எதிரெதிரே நிற்கும் காட்சி. இங்கிருந்து மேலக்கடம்பூர் பக்கம்தான். கரிகாலனை யார் கொன்றது என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டார். மணிரத்னம் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, அந்த இரண்டு முகங்களையும் பார்க்க வைத்தார். விக்ரம் சாவைக் கேட்டு வாங்கிக்கொள்ள வந்தவர் போல நிற்கிறார். ஐஸ்வர்யாவின் கண்ணில் பழியும் பழைய பிரியமும் ஒன்றாக நிற்கின்றன. அந்த ஒரு காட்சிக்கு நாவலில் எனக்கு ஈடு கிடைக்கவில்லை. நீங்கள் அதை மட்டும் மறுபடி பாருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்கி இங்கேதான் ஆரம்பித்தார் என்றேன். "படிச்சிக் காட்டேன்" என்றாள். முதல் பாகம் கையில் இருந்தது. பெண்கள் பாடுகிற இடம் வந்ததும், நாயனம் கதை ஞாபகம் வந்து, "இதுக்கும் பாட்டு கேக்கலன்னு சொல்லுவியா?" என்று கேட்டேன்.

படித்துறையில் யாரோ நாலைந்து பேர் உண்மையாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "கேக்குது. நீ மேல படி" என்றாள். புளிசாதம் காத்திருக்கிறது என்று தம்பி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டான். மூன்றாவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது.